மூன்று நாள் விருந்தாளி

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து போனால் மூன்று கிழமைக்கு எனக்கு உப்புப் போத்தல் அகப்படாது. விருந்துக்குத்தான் கூப்பிட்டிருப்பேன். நான் கோப்பியை ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் கதிரை வெறுமையாக இருக்கும். ஆள் குசினிக்குள் நிற்பார். நான் கழுவி வைத்த தட்டுகளை இன்னொருமுறை கழுவுவார். மசாலாப் போத்தல்களை இறக்கித் துடைத்து, தனக்கு மட்டும் விளங்கும் ஓர் ஒழுங்கில் திரும்ப அடுக்குவார். "இப்பதான் வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விடுவார். என் வீட்டில் அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதாக எவரும் சாட்சி சொல்ல முடியாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டில் அதற்குத் தேவையும் இல்லை. சும்மா இருக்கமாட்டாத அந்த மனுசி என்றால் தமிழருக்கும் தெரியும், சோமாலியருக்கும் தெரியும். ஒஸ்லோவின் நடுவில் ஒரு ஹோட்டலில் நானும் அவரும் பதினொரு வருடம் அறைகளைத் துப்புரவு செய்தோம். நான் சேர்வதற்கு முன்பே அவர் அங்கே பத்து வருடம் பழகியவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், மன்னார்ப் பக்கம், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அங்கேயும் பூசை முடிந்ததும் வாங்குகளுக்குக் கீழே குனிந்து கடதாசி பொறுக்குவார்.

காலையில் ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். தன்னைவிட இளையவர்களை, ஜிம்முக்குப் போய்த் திரண்ட தோள்களோடு நிற்கும் பொடியன்களை, கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் இருத்திவிடுவார். அந்தப் பொடியன்கள் அடுத்த தரிப்பிடத்தில் வெட்கத்தோடு இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வசந்தத்தில் எங்கள் குடியிருப்புகளில் டூக்னாட் என்று ஒரு நாள் வரும். எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து முற்றத்தைக் கூட்டி, மாரியில் பனி வழுக்காமல் இருக்கக் கொட்டிய சல்லிக்கல்லை அள்ளி, முடிவில் ஒன்றாக நின்று சொசேஜ் சாப்பிட வேண்டும். அந்த நாளின் நோக்கமே சொசேஜ்தான் என்பது நோர்வேக்காரருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. ஒரு வருடம் மற்றவர்கள் பத்து மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு இறங்கி வந்தபோது முற்றம் ஏற்கனவே பளிச்சென்று இருந்தது. அக்கா வீட்டுக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் குடியிருப்புச் சபை அவருக்கு ஒரு கடிதம் எழுதியது: தயவுசெய்து மற்றவர்களுக்கும் கொஞ்சம் வேலை விட்டுவைக்கவும். அக்கா அதைப் பாராட்டுக் கடிதம் என்று எடுத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார்.

மகனின் கலியாண அல்பத்தில் முதல் பதினாறு பக்கத்துக்கு மாப்பிள்ளையின் தாய் இல்லை. பதினேழாம் பக்கத்தில் வருவார், இடுப்புக்குக் கீழே நனைந்த காஞ்சிபுரத்தோடு. மண்டபத்துக் குசினியில் சமையல்காரரின் தாச்சிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் படப்பிடிப்பாளர் போய்த்தான் பிடித்து வந்தார். தனக்குப் பித்தப்பை எடுத்த மறுநாள், கையில் சேலைன் ஊசியோடு, எதிர்க் கட்டிலில் கிடந்த நோர்வேக் கிழவியை எழுப்பிக் கதிரையில் இருத்திவிட்டு அவளுடைய விரிப்பை மாற்றினார். மூலைகளை ஹோட்டல் முறையில் மடித்திருந்தாராம். தாதி முதலில் ஏசிவிட்டு, பிறகு அந்த மடிப்பை எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

இதையெல்லாம் கேட்பவர்கள் எவ்வளவு நல்ல மனுசி என்று சொல்வார்கள். பக்கத்தில் பதினொரு வருடம் நின்று பார்த்தவளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் எல்லோருக்கும் செய்வார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் செய்துவிடக் கூடாது. கேக் செய்து கொண்டு போய்க் கொடுத்தால் மறுநாளே அந்தத் தட்டில் மீன் கட்லற் திரும்பி வரும், நம் கேக்கைவிட ருசியாக. நாங்கள் அண்ணை என்று கூப்பிட்ட அவருடைய கணவரின் செத்த வீட்டில் ஆறு பெண்கள் சோறும் கறியும் சமைத்துக் கொண்டு போனோம். அவர் சட்டிகளை வாங்கி ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் போட்டார். பெட்டி மூடும் நேரத்திலும் அவர் கையில் தட்டம் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். கட்டிப்பிடித்து அழுவதற்கு என்று போனவள், தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அவருடைய முதுகு போய்விட்டது. முள்ளந்தண்டில் இரண்டு தட்டுகள் விலகியிருப்பதாக மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். சிக்மெல்டிங் என்கிற மருத்துவ விடுப்பை எழுதிக் கொடுத்தால் பாதியில் கிழித்துவிட்டு வேலைக்கு வந்து நிற்பார். வேலையை நிரந்தரமாக விட்டு உதவித்தொகை எடுக்கும் விண்ணப்பத்தை மருத்துவரே நிரப்பிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அதை வைக்கச் சொன்னபோது, தான் என்ன நொண்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தக் கிழமையே கட்டில் ஒன்றை இழுக்கும்போது அப்படியே மடங்கி விழுந்தார். நான்தான் தூக்கினேன். தூக்க விடாமல் தள்ளினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒஸ்லோவின் மற்றப் பக்கத்தில், ரொம்மனில் இருக்கும் மகன் பயந்துபோனான். தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவன் யோசித்துக் கண்டுபிடித்த பரிசு, யப்பானில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய மரவிடுதி. நிலத்துக்கு அடியிலிருந்து வரும் கொதிநீரில் குளிக்கலாம், முதுகுக்கு நல்லதாம். அதைவிட முக்கியமாக, அங்கே விருந்தாளி ஒரு துரும்பையும் எடுத்து வைக்க விடமாட்டார்களாம். சாப்பாடு அறைக்கு வரும், படுக்கையை அவர்களே விரித்து அவர்களே எடுப்பார்கள். அவன் மனைவிக்கு அது எட்டாம் மாதம் என்பதால் காவலுக்கு என்னை அனுப்பினான். "அன்ரி, அம்மா அங்கை ஒண்டும் செய்யக்கூடாது, அவ்வளவுதான்" என்றான். சின்ன வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஆயிரக்கணக்கான கட்டில்களை விரித்தவர்கள். விருந்தாளியாக ஒரு விடுதியில் படுத்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அது எங்களுக்குப் பழக்கம்தான். மாடி அறையில் கட்டில் இல்லை, கதிரை இல்லை. புற்பாய் பதித்த தரை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை, கடதாசி ஒட்டிய தள்ளுகதவுகள். அக்கா முதல் வேலையாகக் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசு இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. முகம் வாடிப்போய்விட்டது. பிறகு மூக்கைச் சுளித்து மணம் பிடித்தவர், குழாய் எங்கேயோ அடைத்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கையோடு எழுந்தார். அது குழாய் இல்லை, ஊற்று நீரில் உள்ள கந்தகம், ஊர் முழுக்க அவித்த முட்டை மணம்தான் என்று விளக்கி அவரை மறுபடி இருத்தினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் தேநீரோடு வந்தார். எங்கள் அறைக்குப் பொறுப்பான பணிப்பெண். அக்காவின் வயது இருக்கும். சாம்பல் நிறக் கிமோனோ, இறுக்கிக் கட்டிய கொண்டை. கதவுக்கு வெளியே முழங்காலில் இருந்து கதவைத் தள்ளி, எழுந்து, உள்ளே வந்து மறுபடி முழங்காலில் இருந்து, தேநீரை இரண்டு கையாலும் வைத்தார். போகும்போது இடது கையை ஒரு கணம் தரையில் ஊன்றினார். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பாத்தனீரே, முழங்கால் பிழை" என்றார் அக்கா. "இந்தக் காலோடை எங்களுக்கு வந்து முழந்தாளிலை இருக்குது மனுசி."

அத்தோடு என் காவல் வேலை முடிந்தது என்று விளங்கிவிட்டது.

குளிக்கும் இடம் கீழே. பெண்களுக்குத் தனியாகச் சிவப்புத் திரை போட்டிருந்தது. உடுப்பு முழுவதையும் கழற்றி, சின்ன முக்காலியில் இருந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பொதுத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். நான் கூச்சத்தோடு ஒரு முழத் துவாயால் மறைக்க முடிந்ததை மறைத்துக்கொண்டு போய் இறங்கினேன். அக்காவுக்குக் கூச்சமெல்லாம் இல்லை. கதவு தட்டினாலும் கேட்காத விருந்தாளிகளை இருபத்தொரு வருடமாக எல்லாக் கோலத்திலும் பார்த்தவர். அவருடைய பிரச்சினை வேறு. தண்ணீருக்குள் போய் என்ன செய்வது என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை, கிடப்பதுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் விடுதி கொடுத்த பருத்தி அங்கியைக் கழற்றவே இல்லை. யார் யாரோ விட்டுப்போன முக்காலிகளையும் வாளிகளையும் கழுவிக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தார். உள்ளே வந்த ஒரு யப்பானிய அம்மையார் அவரைப் பணியாள் என்று நினைத்து ஏதோ கேட்டார். அக்கா ஓடிப்போய் ஒரு துவாய் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். யப்பானில் இறங்கிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை நான் கண்விழித்தபோது என் மெத்தையைத் தவிர எல்லாம் மடித்து மூலையில் இருந்தது. பணிப்பெண் வந்தார், பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலை வணங்கினார். பிறகு அக்கா மடித்த மெத்தையை விரித்து, தன் முறைப்படி மூன்றாக மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். அக்கா அதைத் தனக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டார். பணிப்பெண் கொண்டுவந்த காலைச் சாப்பாட்டுக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அளவுவாரியாக அடுக்கிக் கொடுத்தார். பணிப்பெண் மறுபடி வணங்கினார், முதல்முறையைவிடச் சற்றுக் கூடுதலாக. மத்தியானத்துக்குள் இரண்டு பேருமே சிரிக்காமல், பேசாமல், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு செருப்புகளை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் அங்கியோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன். அந்த அறையில் விருந்தாளி நான் ஒருத்திதான்.

பின்னேரச் சாப்பாட்டின்போது அது நடந்தது. அந்தப் பெண் தட்டத்தோடு கதவடியில் முழங்காலில் இருந்தார். எழும்புவதற்குக் கையை ஊன்ற இடமில்லை. அக்கா பாய்ந்து போய்த் தட்டத்தைப் பிடித்தார். அவர் விடவில்லை. அக்காவும் விடவில்லை. இருவரும் மிக மரியாதையாக இழுத்தார்கள். சூடான சூப் முழுவதும் பணிப்பெண்ணின் கிமோனோக் கையில் கொட்டியது. ஒரு கிண்ணம் உடைந்தது.

நல்லகாலம், துணி தடிப்பு, சூடு படவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் விடுதியின் முதலாளியம்மா வந்து தரையில் நெற்றி படக் குனிந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் பணிப்பெண் குனிந்தபடியே இருந்தார், நிமிரவே இல்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது வேறு ஒருத்தி, இருபது வயதுக்காரி, முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன.

அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. "அவவை வேலையாலை நிப்பாட்டிப் போட்டினம்" என்றார்.

அப்படியிருக்காது என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முன்பு ஒரு நல்ல மனிதர் எங்கள் ஹோட்டலில் தங்கினாராம். துப்புரவு செய்பவளுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று தானே கட்டிலை விரித்து, துவாயையும் மடித்து வைத்துவிட்டுப் போனாராம். மேற்பார்வையாளர் வந்து, மடிப்பு ஹோட்டல் முறையில் இல்லாததைப் பார்த்துவிட்டு, அக்கா அந்த அறைக்குள் போகவே இல்லை, துப்புரவு செய்ததாகப் பொய்யாக அடையாளம் போட்டிருக்கிறார் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டாராம். "அந்தாள் எனக்கு உதவி செய்தவர்" என்றார் அக்கா. "ஆறு மாசம் நித்திரை இல்லை எனக்கு."

பிறகு எழுந்து, மகன் மொழிபெயர்ப்புச் செயலி போட்டுக் கொடுத்த கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் பின்னால் ஓடினேன். முதலாளியம்மாவிடம் அவர் நோர்வேஜிய மொழியில் சொல்ல, அது யப்பானிய மொழியில் பேசியது. பிழை முழுவதும் தன்னுடையது என்றார். முதலாளியம்மா குனிந்து மன்னிப்புக் கேட்டார். இல்லை, தான்தான் தட்டத்தை இழுத்தது என்றார் அக்கா. அவர் இன்னும் ஆழமாகக் குனிந்தார். விருந்தாளியை எழும்ப வைத்தது தங்கள் குறை என்று தொலைபேசி சொன்னது. மன்னிப்புக் கேட்பதில் யப்பான்காரரை எவரும் வெல்ல முடியாது. அக்காவுக்கும் அது விளங்கிவிட்டது. பிறகு, ஞாயிறு தவறாத அந்த மனுசி, கண் இமைக்காமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்: தான் தேவமாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகவும், அது தீரும்வரை படுக்கையும் பாத்திரமும் மற்றவர் கையால் எடுக்கக் கூடாது என்றும், அந்தப் பெண்ணின் சேவையில் குறை ஒன்றும் இல்லை என்றும்.

முதலாளியம்மா நெடுநேரம் யோசித்து எதையோ கேட்டார். "உங்கள் கடவுள் கண்டிப்பானவர். இந்த நேர்த்தி எப்போது முடியும்?" என்றது தொலைபேசி.

"இண்டைக்கு முடியுது" என்று அக்கா தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதை நோர்வேஜிய மொழியில் தொலைபேசிக்கும் சொல்லி, இன்று பின்னேரம் அந்தப் பெண்ணே வந்து பரிமாறினால்தான் நேர்த்தி சரியாக நிறைவேறும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாடிப்படியில் ஏறும்போது மாதாவிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். அது தனக்கும் அவவுக்கும் இடையில் உள்ள அலுவல், நான் தலையிடத் தேவையில்லை என்றார்.

பின்னேரம் அந்தப் பெண் வந்தார், வேறு கிமோனோவில். பதினொரு வகைச் சாப்பாடு. பதினொரு தடவை முழங்காலில் இருந்து எழுந்தார். ஒவ்வொரு தடவையும் இடது கை தரையில் ஊன்றும்போது அக்காவின் உடம்பு முன்னால் ஆடும், பிறகு நிற்கும். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். பச்சை மீன் வந்தது. கண்ணை மூடி, நற்கருணை வாங்குவது போல நாக்கில் வைத்து விழுங்கினார். உடைந்த கிண்ணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைசியில் பணிப்பெண் வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு கதவை மூடியபோது அக்காவின் நெற்றி வியர்த்திருந்தது.

"ஒராள் செய்யேக்கை பாத்துக்கொண்டிருக்கிறது வேலையை விடக் கஷ்டம்" என்றார்.

"எங்களுக்கும் அப்பிடித்தான் இருந்தது அக்கா" என்றேன். "அண்ணையின்ரை செத்த வீட்டிலை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பல் துலக்கினார்.

புறப்படும் நாள் காலை, பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் குளிக்கும் சின்னப் பொதுக் குளியலறை ஒன்று. இவ்வளவு தூரம் வந்து தண்ணீரைத் தொடாமல் போனால் மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டு அவரை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. அக்கா முக்காலியில் இருந்து சவர்க்காரம் போடத் தொடங்கியபோது ஒரு மெலிந்த பெண் வாளியோடு வந்தார். விரித்த தலைமயிர், இடது முழங்காலில் நீளமாக ஒரு தையல் தழும்பு. எங்களைப் பார்த்துத் தலை வணங்கியபோதுதான் ஆளை மட்டுக்கட்டினோம். காலை வேலை முடித்து வந்திருந்தார்.

அவர் அக்காவுக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கையில் இருந்த துணியை எடுத்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார். அக்காவின் கை துணியைப் பறிக்கப் பின்னால் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு மடியில் இறங்கியது. பதினொரு வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது. ஆவிக்குள் அவருடைய தோள்கள் குலுங்கின. அழுதாரா, கூச்சத்தில் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அது முடிந்ததும் அவர் அந்தப் பெண்ணைத் திருப்பி இருத்தி, அவருடைய முதுகை ஹோட்டல் குளியல் தொட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். அந்த மனுசி ஒரு கட்டத்தில் முனகினார். அக்கா விடவில்லை.

பிறகு மூன்று பேரும் தொட்டிக்குள் இறங்கினோம். தண்ணீர் பொறுக்க முடியாத சூடு. தொலைபேசி வெளியே உடுப்புக் கூடையில் இருந்தது; பேச ஒரு மொழியும் இல்லை. அந்தப் பெண் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அக்கா தன் இடுப்புக்கு மேலே தொட்டுக் காட்டினார். அவர் தோளைக் காட்டினார். நான் மணிக்கட்டைக் காட்டினேன். அக்கா கட்டைவிரல் மூட்டு, அவர் கழுத்து. உடம்பில் காட்ட இடம் முடிந்ததும் அந்தப் பெண் விரல்களால் வேலை செய்த வருடங்களை எண்ணிக் காட்டினார்: மூன்று தடவை பத்து, பிறகு எட்டு. அக்கா இருபத்தொன்று காட்டினார். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகத் தலையசைத்தார், சின்னப் பிள்ளைக்குத் தலையசைப்பது போல.

பேருந்தில் அக்கா யன்னல் பக்கம் இருந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது. ஊர் மறைந்து, ஒரு சுரங்கமும் வந்து போனது.

"முப்பத்தெட்டு வருசம்" என்றார். "இன்னும் அந்தக் காலோடை நிண்டுகொண்டு. ஆராவது அந்த விசரிக்குச் சொல்ல வேணும், போதும், நிப்பாட்டு எண்டு."

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறீர்?" என்றார். பிறகு, "விளங்குது, விளங்குது. அங்காலை பாரும்" என்றார்.

ஒஸ்லோவுக்கு வந்த இரண்டாம் கிழமை அந்த உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். வெளியே பனி கொட்டியது, படிகள் வழுக்கின. இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கீழ்ப்படி வந்த பிறகும் விடவில்லை; ரயில் நிலையம்வரை அப்படியே நடந்தோம்.